கழட்டிப் பார்க்க ஏன் இவ்வளவு வலிக்குது?

போட்டை மட்டும் எல்லாரும் கண்ணுல வெச்சுப் பார்த்துக்கிறாங்க. ஞாயித்துக்கிழமை விடியக்காலையில மெல்பர்னைச் சுத்தியிருக்கிற எந்த போட் ராம்புக்காவது போய் நின்னு பாருங்க. ஹேஸ்டிங்ஸ், வெரிபி சவுத், பிலிப் தீவுல நியூஹேவன், எங்கே வேணா போங்க. மெழுகு போட்டுத் தேய்ச்ச ஃபைபர் உடம்பு மின்னும். மீன் கூட்டம் எங்கே நிக்குதுன்னு காட்டுற கலர் திரை, துணி உறை போட்டு மூடின அவுட்போர்டு மோட்டார், தூண்டில் ராடு சொருக வரிசையா ஸ்டீல் குழாய். சரி, இத்தனையும் சுமந்துக்கிட்டு ஹைவேயில ஓடி வந்த டிரெய்லரை யாராவது குனிஞ்சு பார்க்கிறாங்களா? சக்கரத்துக்கு நடுவுல கை வெச்சு, சூடு எப்படி இருக்குன்னாவது தொட்டுப் பார்க்கிறாங்களா? தேடிப் பார்த்துட்டேங்க. ஒருத்தர் ரெண்டு பேர் தேறினா அதிகம்.

போட் டிரெய்லர் பழக்கமில்லாதவங்களுக்காகச் சொல்றேன். இங்கே ஆஸ்திரேலியாவுல சின்ன மீன்பிடி போட் வெச்சிருக்கிறவங்க பெரும்பாலும் அதைத் தண்ணியில கட்டி வைக்கிறதில்ல. வீட்டு வாசல்ல டிரெய்லர் மேலதான் நிக்கும். போகணும்னா காருக்குப் பின்னாடி மாட்டி 100 கிலோமீட்டர் இழுத்துட்டுப் போகணும். கரையில போட்டிருக்கிற ராம்புங்கிற கான்கிரீட் சரிவுல ரிவர்ஸ் எடுத்து, டிரெய்லர் சக்கரம் முங்குற அளவுக்குக் கடலுக்குள்ள இறக்கி, போட்டை மிதக்க விடணும். திரும்பி வந்ததும் மறுபடி ஒருமுறை முக்கி, ஏத்தி, வீட்டுக்கு. யோசிச்சுப் பாருங்க. வேற எந்த வண்டியோட சக்கரத்தை நாம தெரிஞ்சே உப்புத் தண்ணிக்குள்ள முக்குறோம்?

அந்தச் சக்கரத்துக்கு நடுவுல ஹப். ஹப்புக்குள்ள உள்பக்கம் ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு பேரிங். உருளைகளைச் சாய்ச்சு அடுக்கின டேப்பர் ரோலர் பேரிங். அமெரிக்காவுல ஹென்றி டிம்கன் 1898-ல காப்புரிமை வாங்கின சரக்கு. நூறு வருஷம் தாண்டியும் இந்த வேலைக்கு அதை அடிச்சுக்க ஆளில்ல. மேலிருந்து இறங்குற எடையைத் தாங்கும், வளைவுல பக்கவாட்டுல தள்ளுற தள்ளலையும் தாங்கும். டிரெய்லர் சக்கரம் சின்னது, ஒரு கிலோமீட்டர் ஓட கிட்டத்தட்ட 500 சுத்து சுத்தணும். 100 கிலோமீட்டருக்கு 50,000 சுத்து. அதுவும் ஒரு டன் எடையைத் தூக்கிக்கிட்டு. பதிலுக்கு அது நம்மகிட்ட கேக்கிறது நல்ல கிரீஸும், தண்ணி புகாத ஒரு சீலும்தான். அதுகூட நம்மால கொடுக்க முடியலையா?

தண்ணி எப்படி உள்ள போகுதுன்னு கேக்கிறீங்களா? ஒரு மணி நேரம் ஓடி வந்த ஹப் சூடா இருக்கும். உள்ளே இருக்கிற காத்து சூட்டுல விரிஞ்சு கொஞ்சம் வெளியேறியிருக்கும். வந்த வேகத்துல அப்படியே 14, 15 டிகிரி கடல் தண்ணியில இறக்கினா, உள்ளே மிச்சமிருக்கிற காத்து சட்டுனு சுருங்கும். சுருங்கினா என்ன ஆகும்? சீலோட ஓரத்துல எங்கே இடுக்கு கிடைச்சாலும் அது வழியா உப்புத் தண்ணியை உறிஞ்சி இழுத்துக்கும். அதனாலதான் அனுபவப்பட்டவங்க ராம்புக்கு வந்ததும் உடனே இறக்க மாட்டாங்க. கயித்தை அவுக்கிறது, பையை ஏத்துறதுன்னு ஓரமா நின்னு வேலையை முடிச்சு, ஹப் ஆறின பிறகுதான் ரிவர்ஸ் எடுப்பாங்க. இப்போ எவன் நிக்க விடுறான்? பின்னாடி வந்தவன் ஹாரன் அடிக்கிறான். என்னமோ அஞ்சு நிமிஷம் தாமதமானா கடல் வத்திடும்கிற மாதிரி.

உள்ளே போன தண்ணி லேசுல வெளியே வராது. கிரீஸோட கலந்து அதை வெளுக்க வைக்கும். அப்புறம் டிரெய்லர் வாசல்ல வாரக்கணக்கா நிக்கும்போது, உருளை எங்கே ரேஸை, அதாவது அது உருளுற வளையத்தை, தொட்டுக்கிட்டு நிக்குதோ அங்கேயே கோடு கோடா துரு கட்டும். துரு சின்னச் சின்னப் பள்ளமா அரிக்கும். அடுத்த பயணத்துல அந்தப் பள்ளத்து மேலதான் 50,000 சுத்து.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குளிர்காலத்துல ஒரு பட்டறையில டிரெய்லரை விட்டு, கேட்ட காசைக் கொடுத்து, பில்லும் வாங்கி வெச்சேன். ரெண்டு பக்கமும் பேரிங் கழட்டிச் சுத்தம் செய்தது, புது கிரீஸ், புது சீல். பில்லுல அப்படித்தான் அச்சடிச்சிருக்கு. படிச்சா எவ்வளவு நிம்மதியா இருக்கு பாருங்க!

அக்டோபர்ல ஸ்னாப்பர் மீன் சீசன் ஆரம்பிச்சதும் நானும் அக்கா பையனும் பிலிப் தீவுக்குக் கிளம்பினோம். சவுத் கிப்ஸ்லாண்ட் ஹைவேயில டூராடின் தாண்டி ஓடிக்கிட்டிருக்கோம். "மாமா, ஏதோ கருகுற நாத்தம் வருதே, நம்ம வண்டியா?"ன்னான். கண்ணாடியில பார்த்தா இடது பக்கச் சக்கரத்துலேர்ந்து புகை. சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாய்ஞ்சு ஓடுது. ஓரங்கட்டி இறங்கினா, ஹப் மூடியைக் காணோம், எங்கேயோ தெறிச்சுப் போயிருக்கு. மட்கார்டு உள்பக்கம் பூரா கிரீஸ் கருகித் தார் மாதிரி அப்பியிருக்கு. உருளைகளைப் பிடிச்சு வைக்கிற தகரக்கூடு சுக்கு நூறா கிழிஞ்சு, உருளைகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, ஒரு பக்கம் தேய்ஞ்சு தட்டையா கிடக்கு. உள் பேரிங்கோட ரேஸ் ஆக்சில் முனையில நீலம் பாரிச்சு அப்படியே ஒட்டிப் போச்சு. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா சக்கரம் கழண்டிருக்கும். நூறு கிலோமீட்டர் வேகத்துல கழண்டு ஓடுற சக்கரம் எதிர்ல வர்ற காரு, குழந்தையோட வர்ற குடும்பம்னு பார்க்குமா?

பக்கத்துல லாரி ஒவ்வொண்ணும் போகும்போது போட்டோட சேர்த்து எங்களையும் ஆட்டிட்டுப் போகுது. ரோடுசைட் அசிஸ்டன்ஸுக்கு போன் பண்ணினா, கவரேஜ் காருக்குத்தான், டிரெய்லருக்கு இல்லைன்னு பதில். அப்புறம் தனியா ஒரு லாரியை வரவெச்சு, அவங்க சொன்ன தொகையைக் கொடுத்து, பொழுது சாயுற நேரத்துல வீடு வந்து சேர்ந்தோம். ஆக்சிலே மாத்த வேண்டியதாச்சு.

செலவு போனா போகட்டும். பேரிங் போறதும் உலகத்துல நடக்காத விஷயமில்ல. என் வயித்தெரிச்சல் வேற. மறுநாள் நல்லா இருந்த வலது பக்கத்தை நானே ஜாக்கி வெச்சுக் கழட்டினேன். மூடியை எடுத்ததும் பளபளன்னு நீல நிற கிரீஸ். ஆகா, வேலை பார்த்திருக்காங்கதான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. துடைச்சுட்டுப் பார்த்தா ஸ்பிளிட் பின். நட்டு கழண்டுடாம குறுக்கே சொருகி மடக்குற ஊசி. ஒருமுறை மடக்கி நிமிர்த்தின பின்னை மறுபடி போடக் கூடாது, ஹப்பைக் கழட்டினா புதுசுதான் போடணும். இங்கே இருந்த பின் துருப்பிடிச்சு நட்டோட ஒண்ணாயிருக்கு. பிளையர் வெச்சு இழுத்தா பொடிப்பொடியா உதிருது. குளிர்காலத்துல போட்ட பின்னா இது? ஹப்பை உருவிப் பின்பக்கம் பார்த்தேன். சீல் ரப்பர் காய்ஞ்சு வெடிச்சிருக்கு. அதுக்குள்ள இருந்த உள் பேரிங்ல கிரீஸ்னு சொல்ல ஒண்ணுமில்ல. நீர்மோர் மாதிரி வெளுத்து, நடுநடுவுல செம்பழுப்பா துரு கோடு ஓடியிருக்கு.

புரியுதா? கழட்டவே இல்ல. மூடியில இருக்கிற நிப்பிள்ல கிரீஸ் கன்னை வெச்சு நாலு அமுக்கு அமுக்கி, வெளியே வழிஞ்சதைத் துடைச்சு, பில் போட்டுக் கொடுத்துட்டாங்க. இடது பக்கம் அமுக்கின அமுக்குல பின்பக்கச் சீலே பிதுங்கி வெளியே வந்திருந்தது. கருகின குப்பையைக் கிளறும்போதுதான் பார்த்தேன். சர்வீஸ் பண்ணாமலே விட்டிருந்தாக்கூட அந்தப் பக்கம் இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும்.

போன் பண்ணிக் கேட்டேன். கோபப்படல. நிதானமாத்தான் கேட்டேன். "நிப்பிள் இருக்கே, அதுல அடிச்சா உள்ளே போயிடும், எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க"ன்னு பதில் வந்துச்சு. புது சீல்னு பில்லுல போட்டிருக்கீங்களேன்னு கேட்டா, அது கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே இருக்கிற வாசகமாம். தானா வந்துடுமாம். செய்யாத வேலைக்கு ரெடிமேடா ஒரு வாசகம் எழுதி வெச்சிருக்காங்க, அதுக்குக் காசும் வாங்குறாங்க, கேட்டா கம்ப்யூட்டர் மேல பழி. என்னத்தைச் சொல்ல!

அந்த நிப்பிள் மூடியையும் நான் குறை சொல்லல. 'பேரிங் பட்டி'ன்னு ஒரு பேர்ல பிரபலமான ஸ்பிரிங் மூடி அது. உள்ளே ஒரு சின்ன பிஸ்டன். ஸ்பிரிங் அதை அழுத்திக்கிட்டே இருக்கிறதால ஹப்புக்குள்ள 3 பி.எஸ்.ஐ. அளவுக்கு அழுத்தம் நிக்கும், வெளித்தண்ணி எளிதா உள்ளே வராது. நல்ல யோசனை. ஆனா எவ்வளவு அடிக்கணும்? பிஸ்டன் லேசா நகர்ந்து வெளியே வந்ததும் நிறுத்தணும். கை ஓயுற வரைக்கும் அமுக்கினா அந்த அழுத்தம் போக இடம் வேணுமே? பின்பக்கச் சீலைத் தள்ளிக்கிட்டுப் போகும். பிரேக் வெச்ச டிரெய்லரா இருந்தா அந்த கிரீஸ் நேரா பிரேக் மேலயே போய் அப்பும். இன்னொரு விஷயம், இந்த மூடி வெளிப்பக்கம் இருக்கு. அதுல அடிக்கிற புது கிரீஸ் முதல்ல தொடுறது வெளி பேரிங்கைத்தான். உப்புத் தண்ணி முதல்ல தொடுறதோ பின்பக்கச் சீலை ஒட்டின உள் பேரிங்கை. டெக்ஸ்டர் கம்பெனியோட 'ஈஸி லூப்' ஆக்சில்ல தண்டுக்குள்ளேயே துளை போட்டு, கிரீஸை முதல்ல உள் பேரிங்குக்குக் கொண்டுபோய், அங்கேர்ந்து வெளியே வர வெச்சிருக்காங்க. அது இன்னும் நல்ல ஏற்பாடு. இருந்தும் ஒரு கேள்வி பாக்கி நிக்குதே. உருளை மேல பள்ளம் விழுந்திருக்கா, ரேஸ் நீலம் பாரிச்சிருக்கா, இதை கிரீஸ் கன் பார்த்துச் சொல்லுமா?

எங்க ஊர்ப்பக்கம் நாமக்கல்ல லாரிப் பட்டறைக்குப் போனீங்கன்னா 'வீல் கிரீஸ்'னு ஒரு வேலை உண்டு. அதே ஜாதி டேப்பர் பேரிங்தான், அளவு பெருசு. சக்கரத்தை இறக்கி, பேரிங்கை எடுத்து, மண்ணெண்ணெயில அலசி, வெயில்ல தூக்கிப் பிடிச்சு உருளை உருளையா திருப்பிப் பார்ப்பாங்க. நல்லா இருந்தா கிரீஸ் திணிச்சு மாட்டுவாங்க, இல்லைன்னா தூக்கிப் போட்டுடுவாங்க. கையில கருவியே இல்லாத பசங்ககூட கழட்டாம வீல் கிரீஸ்னு சொல்ல மாட்டாங்க. இங்கே ஹாய்ஸ்ட், ஏர் கன்னுன்னு சகலமும் இருக்கு. கழட்டத்தான் மனசில்ல.

பட்டறையை மட்டும் சொல்லி என்ன? கடையில பேரிங் வாங்கப் போங்க. இந்த நாட்டு டிரெய்லர்கள்ல ரெண்டு அளவுதான் அதிகமா புழக்கம். ஒண்ணை ஹோல்டன் பேரிங்ம்பாங்க, இன்னொண்ணை ஃபோர்டு பேரிங்ம்பாங்க. பழைய உள்ளூர்க் கார்கள்லேர்ந்து வந்த அளவு. ஃபோர்டு 2016-லயும் ஹோல்டன் 2017-லயும் இங்கே கார் செய்றதையே நிறுத்திட்டாங்க, பேரிங் மட்டும் அவங்க பேரைச் சுமந்துக்கிட்டு ஓடுது. பிளாஸ்டிக் பாக்கெட்ல ரெண்டு பேரிங், ஒரு சீல், ஒரு பின், குட்டிப் பொட்டலத்துல கிரீஸ்னு கிட்டா தொங்கும். யார் செஞ்சதுன்னு பேரில்ல, எந்த ஊர்ல செஞ்சதுன்னு தேடித்தான் பார்க்கணும். டிம்கன், கோயோ, என்.டி.என். மாதிரி பேர் தெரிஞ்ச பேரிங் கேட்டா கடைக்காரப் பையன் உள்ளே போய்த் தேடுறான். விலை கூடத்தான். மோட்டாருக்கும் மீன் காட்டுற திரைக்கும் ஆயிரக்கணக்குல கொட்டுறவங்க, அதையெல்லாம் ரோட்டுல தாங்குற நாலு பேரிங்குக்கு விலை பார்க்கிறாங்களே, இதை எங்கே போய்ச் சொல்ல?

கிரீஸ் கதை இன்னும் மோசம். நீலமா இருந்தா மெரைன் கிரீஸ், சிவப்பா இருந்தா ஹை டெம்பரேச்சர்னு நிறத்தைப் பார்த்து வாங்குறாங்க. நிறம் கம்பெனிக்காரன் கலக்குற சாயம், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது உள்ளே கெட்டிப்படுத்துற பொருள் எதுங்கிறது. லித்தியம் காம்ப்ளெக்ஸா, கால்சியம் சல்ஃபோனேட்டா, பாலியூரியாவா? ஒத்துப்போகாத ரெண்டைக் கலந்தா கெட்டித்தன்மை போய் இளகி வழிஞ்சிடலாம். பழசைச் சுத்தமா எடுக்காம அதுமேல வேற கிரீஸை அடிக்கிறவங்களுக்கு இது தெரியுமா? டின் பின்பக்கம் எழுதியிருக்கும். படிக்கணுமே!

பழைய போட் விக்கிற விளம்பரங்களைப் பார்த்தா எரிச்சல் தலைக்கேறும். மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடினது, எந்த வருஷ சோனார், ஸ்டீரியோ என்ன பிராண்டுன்னு பத்தி பத்தியா இருக்கும். கடைசியில ஒட்டின மாதிரி ஒரு வரி, 'பேரிங் சமீபத்தில் செய்தது'. யார் செய்தாங்க? எப்போ? கழட்டினாங்களா, அமுக்கினாங்களா? கேட்டா, பட்டறையில விட்டேன்ம்பாங்க. விக்டோரியாவுல வருஷா வருஷம் வண்டியைக் கட்டாயமா பரிசோதிக்கிற வழக்கமும் கிடையாது, பணம் கட்டினா ரெஜோ, அதாவது வண்டிப் பதிவு, புதுப்பிச்சதாயிடும். ஆக, விக்கிறவர் பார்க்கல, பட்டறைக்காரர் பார்க்கல, அரசாங்கமும் பார்க்கல. லாங் வீக்எண்டுல பாஸ் ஹைவே ஓரமா ஒரு பக்கம் சக்கரமில்லாம மொண்டியா நிக்கிற டிரெய்லர்கள் மட்டும் எல்லார் கண்ணுலயும் படுது.

இது டிரெய்லரோட நிக்குதா என்ன? வீட்டு ஏ.சி. சர்வீஸ்னு வர்றவர் முன்பக்க ஃபில்டரைக் குழாயில காட்டிட்டு, கையெழுத்து வாங்கிட்டுப் போறார். காரை சர்வீஸுக்கு விட்டா 40 இடத்துல டிக் அடிச்ச பேப்பர் வருது, ஸ்டெப்னியில காத்து இருக்கான்னு ஒருத்தரும் தொட்டிருக்க மாட்டாங்க. டிக் அடிக்கிறது ஒரு வேலையாகி, பார்க்கிறது யாரோட வேலையும் இல்லாம போச்சு. உங்க வீட்டுல நடக்காததையா சொல்லிட்டேன்?

ஒழுங்கா செய்ய அப்படி என்ன பெரிய வித்தை? வண்டியைச் சமதரையில நிறுத்தி, மறுபக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில தூக்கி ஸ்டாண்டு மேல உக்கார வைக்கணும். கழட்டுறதுக்கு முன்னாடி சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினாலே பாதி சேதி தெரிஞ்சிடும். டகடகன்னு ஆட்டம் இருக்கா? சுத்தி விட்டா கரகரன்னு சத்தமா? அப்புறம் மூடி, பின், நட்டு, வாஷர், வெளி பேரிங், ஹப். பின்பக்கச் சீலை நெம்பி எடுத்தா உள் பேரிங் கையில வந்துடும். மண்ணெண்ணெயில அலசி, துணியில வெச்சுக் காய விடணும். ஏர் கன்னை வெச்சு விர்ர்ருன்னு சுத்த விடக் கூடாது, உருளை தெறிச்சாலும் தெறிக்கும்.

கிரீஸ் திணிக்கிறதை இப்போ அக்கா பையனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன். இடது உள்ளங்கையில ஒரு எலுமிச்சம்பழ அளவு கிரீஸ். பேரிங்கோட அகலமான ஓரத்தை அதுல வெச்சு, உள்ளங்கையில அறைஞ்சு அறைஞ்சு அழுத்தணும். முதல்ல ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும். விடாம அழுத்தினா, மேல்பக்கம் உருளைகளுக்கு நடுவுல சன்னமா புழு புழுவா கிரீஸ் எட்டிப் பார்க்கும். அப்போ கொஞ்சம் திருப்பி அடுத்த இடம். சுத்தி முழுக்க அப்படி வரணும். மாட்டும்போது சக்கரத்தைச் சுத்திக்கிட்டே நட்டை இறுக்கி, உருளைகள் அதது இடத்துல உக்காந்ததும் தளர்த்தி, மறுபடி விரலால மட்டும் பிடிமானம் கொடுத்து, புது பின்னைச் சொருகி மடக்கணும். ஸ்பேனர் இறுக்கத்துலயே விட்டா சூடேறிக் கருகும், ரொம்பத் தளர்வா விட்டா ஆட்டம் எடுக்கும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, ஹப்ல கை வெச்சுப் பார்த்தா சரியா வந்திருக்கான்னு தெரியும். வெதுவெதுன்னா சரி. கையை வைக்க முடியலைன்னா மறுபடி கழட்டணும். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் பிடிக்குமா? பிடிக்கட்டுமே. கடல் தண்ணியில இறக்குற டிரெய்லருக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது இது நடந்தாகணும். கூடவே கிரீஸ் திணிச்ச ஒரு ஸ்பேர் ஹப்பை டிரெய்லர்லயே போல்ட் போட்டு வெச்சுக்கிட்டா, நடுரோட்டுல அடுத்தவங்க தயவுக்கு நிக்க வேண்டாம்.

எல்லாராலயும் செய்ய முடியாதுங்கிறது எனக்கும் புரியுது. முதுகு வலிக்கும், இடமிருக்காது, நேரமிருக்காது. பட்டறையில கொடுங்க, தப்பே இல்ல. ஆனா கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லிடுங்க: கழட்டின பழைய சீல் ரெண்டும், பழைய ஸ்பிளிட் பின் ரெண்டும் ஒரு கவர்ல போட்டு பில்லோட எனக்கு வேணும்னு. சீலை எடுக்காம உள் பேரிங்கை வெளியே எடுக்க முடியாது, நெம்பி எடுத்த சீலைத் திரும்பப் போடவும் கூடாது. கவர்ல பழைய சீல் இல்லைன்னா உங்க ஹப்பை யாரும் கழட்டல. காசைக் கொடுக்காதீங்க.